நல்ல கண்ணை மூடிவைத்தது ஏன்

தம்பி,

இதை நீ இப்போது படிக்க வேண்டாம். உனக்கு எட்டு வயதுதான் ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, பாதியில் விளையாடப் போய்விடுவாய். மீசை அரும்பி, வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போய், ஒருவேளை உனக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகு எடுத்துப் படி. பெற்றவள் எழுத வேண்டிய கடிதம் இது. அவள் இல்லாததால் உன்னை வளர்த்த நான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். நேரில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். கடையில் என் முறை வந்த பிறகும் வாயைத் திறக்காமல் நின்று, பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகு வாங்கி வருகிறவள் நான். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். குறிஞ்சிப்பாடிக்குப் போய்விடுவேன். கடலூர் முதுநகரில் இந்த வீட்டில் நீயும் அப்பாவும் மட்டும்தான் இருப்பீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்ட நான் இருக்க மாட்டேன். அதனால் உன் கண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் போவதற்கு முன்பு எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினொரு வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்து அழுதார்கள், உன்னை ஒருவரும் தூக்கவில்லை. தாயை முழுங்கின பிள்ளை என்று முதலில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்னதும் தெரு முழுக்க அதுவே உன் பெயராகிவிட்டது. அப்பா லாரி ஓட்டுகிறவர், பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உன்னைக் குளிப்பாட்ட மட்டும் வருவாள். மற்றதெல்லாம் நான்தான். ஒரு வாரம் லீவு என்று சொல்லிவிட்டு வந்த பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பிப் போகவே இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்காவது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், வாசலிலேயே ஒரு இலையில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, "புள்ளைக்குத் தூக்கம் வருது போலருக்குது, வீட்டுக்கு எடுத்துக்கினு போ பாப்பா" என்று அனுப்பிவிடுவார்கள். நீ தூங்குகிற பிள்ளையே இல்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாய்.

உனக்கு இரண்டரை வயது நடக்கும்போது இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. முதலில் எப்போதாவதுதான் திரும்பும். காய்ச்சலில் களைத்துக் கிடக்கும்போது, அல்லது கையில் உள்ள பொருளை நீ உற்றுப் பார்க்கும்போது. பிறகு எந்நேரமும் அப்படியே நின்றுவிட்டது. நான் பயந்துபோய் அத்தையிடம் காட்டினேன். அத்தை உன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குளிப்பாட்ட அல்லாமல் முதன்முறையாக உன்னை மடியில் போட்டுக்கொண்டாள். "மாறுகண்ணுடி. மாறுகண்ணு இருந்தா அதிர்ஷ்டம். இந்தப் புள்ள ராசிக்காரன்" என்றாள். அந்த வாரம் அப்பா ஏற்றிப் போன லோடு நல்ல விலைக்குப் போனது. அப்பா மண்டியில் போய் உன் கண்ணைப் பற்றிச் சொல்ல, மண்டி முதலாளி, பிள்ளையை ஒருநாள் அழைத்து வா, முதல் போணி அவன் பார்த்து ஆகட்டும் என்றாராம். அதோடு ஆரம்பித்தது. பலாக்காய் காலம் வந்தால் விடியற்காலையில் உன்னை லாரியில் உட்காரவைத்து அப்பா பண்ருட்டிக்கு அழைத்துப் போவார். முதல் பழத்தை நீ பார்த்துத் தொட்ட பிறகுதான் முதலாளி விலை பேசுவார். அந்த ஒன்றுக்காகவே நல்ல லோடெல்லாம் அப்பாவுக்கு வந்தது. தெருவில் புது வண்டி எடுத்தவர்கள் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால் உன்னைத் தேடினார்கள். முன்பு வாசலிலேயே நம்மை நிறுத்தியவர்கள் உன்னை உள்ளே கூப்பிட்டு மணையில் உட்காரவைத்தார்கள்.

அதனால்தான் தம்பி, நாங்கள் யாரும் அந்தக் கண்ணை டாக்டரிடம் காட்டவில்லை. தெரியாமல் விட்டது கொஞ்சம்தான். அந்தக் கண் திரும்பியிருக்கும் வரைக்கும் உன்னை யாரும் தாயை முழுங்கினவன் என்று சொல்லவில்லை. அது நேராகிவிட்டால் பழைய பெயர் திரும்ப வந்துவிடும் என்று அப்பா பயந்தார். நானும் பயந்தேன். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

உனக்கு ஆறு வயதானபோது தெருவெல்லாம் மெட்ராஸ் ஐ வந்தது. உனக்கு வலது கண்ணில்தான் முதலில் வந்தது. காலையில் எழுந்தபோது இமை வீங்கி, பீளை காய்ந்து கண் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுத்தாள். அதை விட்டதில் இன்னும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அப்பாவின் கிளீனர், போன வருஷம் தனக்கு வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறது, சிவப்பு ஒரே நாளில் போய்விடும் என்று கொண்டுவந்து வைத்தான். நல்லவேளை, மூடி உடைந்திருந்ததால் அதை நான் விடவில்லை. நான் இட்லித் தட்டை உன் முன்னால் நீட்டினேன். நீ தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தடவினாய். விளையாடுகிறாய் என்று நினைத்து, "தட்டு இங்க இருக்குதுடா" என்றேன். நீ என் பக்கம் திரும்பி, "ஒன் பாவாட தெரியுதுக்கா. மூஞ்சி தெரியல" என்றாய். இடது கண் திறந்துதான் இருந்தது. அதில் சிவப்பு இல்லை, பீளை இல்லை, வலி இல்லை. நான் நாக்கை நீட்டினேன், நீ சிரிக்கவில்லை. விரலைக் காட்டினேன், எத்தனை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது, அதை இறக்கவேண்டும் என்று கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்பா வந்ததும் சொன்னேன். அவர் கைகால் கழுவிக்கொண்டே கேட்டார். வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது பாக்குற கண்ணு இல்ல பாப்பா. ராசிக் கண்ணு. பாக்குறதுக்குத்தான் இன்னொண்ணு இருக்குதே" என்றார். நான் சோறு போட எழுந்துவிட்டேன். மெட்ராஸ் ஐ தானாகவே ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. வலது கண் திறந்ததும் நீ பழையபடி ஓட ஆரம்பித்தாய். நான் மட்டும் நீ ஓடும்போதெல்லாம் உன் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இரண்டு வருஷமாக, புகை மூட்டத்தில் நடப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, யார் யாரோ சொன்ன மூலிகைச் சாற்றை எல்லாம் ஊற்றிப் பார்த்தாள். புரையைக் கரைக்கிற சாறும் கிடையாது, சொட்டு மருந்தும் கிடையாது, அறுவை செய்து லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. கோயில் பக்கத்தில் முகாம் போட்டபோது பார்த்துவிட்டு, வேனில் ஏற்றிச் சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நான் போனேன். உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நீயும் வந்தாய். அந்த ஆஸ்பத்திரி நடையில் ஒரு பகல் முழுக்க நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிற நர்ஸ், டாக்டர் எல்லோரையும் பார்த்தேன். "இவன் கண்ணைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வாய் வரைக்கும் வரும், ஆள் தாண்டிப் போய்விடுவார்கள். மறுநாள் அத்தைக்குக் கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மாவே உன்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு எங்கே வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அத்தைதான் பதில் சொன்னாள். "அது அதிர்ஷ்டம்ங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னார். கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். நீ பெரியவனானதும் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அவர் பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். "இவனுக்குத் தூரப்பார்வை பவர் ஜாஸ்தி. பக்கத்துல பாக்கணும்னா கண்ணு ரொம்ப சிரமப்படுது, அந்தச் சிரமத்துல ஒரு கண்ணு உள்ள இழுத்துக்குது. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்தா மூளைக்குக் குழப்பம் வரும். அதனால திரும்பின கண்ணு அனுப்புறத மூளை வேணாம்னு ஒதுக்கிடுச்சு. கண்ணு கெட்டுப்போவலம்மா. வேலை இல்லாம சோம்பிக் கெடக்குது." நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். கண்ணாடி தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட வேண்டும். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மூடி, சோம்பின கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வயதில் வந்திருந்தால் சுலபம். ஏழெட்டு வயதுக்குமேல் மூளை பழகிவிடும், பிறகு திருப்புவது கஷ்டம். உனக்கு ஆறு முடிந்திருந்தது.

அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். ஒத்துக்கொள்ள வைத்தது அத்தைதான். கட்டுப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்று மேலே பார்த்தாள். "இவ்ளோ ஒட்டடையோடவாடி குடித்தனம் பண்ற" என்று என்னைத் திட்டினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ ஏன்டா இப்பிடிக் கெழவனாட்டம் ஆயிட்ட" என்றாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல்தான் பேசியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து அழுதாள். "ராசின்னு நான்தான் சொன்னேன். நானே சொல்றேன், புள்ளைக்குக் கண்ணாடி போடுடா" என்றாள். அப்பா அக்காவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை.

அடுத்த இரண்டு வருஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு நாளை எழுதினால் எல்லா நாளையும் எழுதியது மாதிரிதான். கண்ணாடி போட்டதும் கண் நேராக நின்றது. கழற்றினால் உடனே திரும்பிக்கொள்ளும். கண்ணாடி பெரிய தொல்லை இல்லை. பிளாஸ்திரிதான். நல்ல கண்ணை மூடினால் உனக்கு உலகமே மங்கிப்போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? கத்துவாய், கடிப்பாய், பிய்த்து எறிவாய். பிய்க்கும்போது புருவ மயிரும் சேர்ந்து வரும், அதற்கும் நான்தான் காரணம். ஒருநாள் பிளாஸ்திரியைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடினேன். அப்பா லாரியை எடுக்கப் போனவர் வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். லாரியின் ஒரு ஹெட்லைட்டில் அதை ஒட்டி வைத்திருந்தாய். "அதுக்கும்தான் ரெண்டு கண்ணு இருக்குது, ஒண்ண மூடு" என்றாய். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் வேறு பிளாஸ்திரியைப் பிரித்து உனக்கு ஒட்டினேன், நீ மறுபடி கத்தினாய்.

பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் தையற்கடைக்கு ஜாக்கெட்டில் ஹூக்கு வைத்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்கிறவள், வேறு என்ன வேலை என்னிடம் இருக்கிறது? முதலில் உனக்குப் பெரிய பொத்தான்களைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொன்னேன். பிறகு பாசிமணி கோக்கச் சொன்னேன். பிறகு சாக்கு ஊசி, பிறகு சாதாரண ஊசி. உன் இடது கண்ணால் முதன்முதலில் சாதாரண ஊசியில் நூல் கோத்த அன்று நீ அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஊசியை என் பக்கம் நீட்டிவிட்டு, பிளாஸ்திரியை எப்போது எடுப்பாய் என்று கேட்டாய். நான் ஊசியை வாங்கி ஹூக்கு வைத்தேன். அந்த ஜாக்கெட்டில் ஹூக்கையெல்லாம் தப்பான பக்கம் வைத்துவிட்டேன், மறுநாள் பிரித்துத் தைத்தேன்.

போன வருஷம் பலாக்காய் காலம் முடிந்து சிதம்பரத்துக்குப் போனபோது, இடது கண்ணின் பார்வை முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சொன்னார்கள். கண்ணாடி போடுகிறானா, மூடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். நான் தலையாட்டினேன். நீ காலைப் பார்த்துக்கொண்டே, "மண்டியில மட்டும் கழட்டுவேன்" என்றாய். லீவு நாளெல்லாம் லாரியில் சும்மா ஒரு சுற்று என்று அப்பா உன்னை அழைத்துப் போனது அதற்குத்தான். கண்ணாடியோடு உன்னைப் பார்த்த முதலாளி, கண் எங்கே போச்சு என்று கேட்டிருக்கிறார். கழற்றினால் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பகல் முழுக்க உன் கண்ணாடி அப்பாவின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது நீ என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுத் திரும்பினால், யாரோ அடியில் அடைப்பைத் திறந்துவிட்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மொதலாளி கேக்குறாரு, நான் இன்னா பண்றது பாப்பா? அதுவுமில்லாம, கண்ணாடி போட்டா இவன் எல்லாப் புள்ளைங்க மாதிரி ஆயிடுறான்." எல்லாப் பிள்ளைகள் மாதிரி ஆவதற்குத்தானே அப்பா இத்தனையும் என்று சொல்ல நினைத்தேன். குழம்பு ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

இந்த வைகாசியில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அன்று நடந்தது என்னவென்று அந்த வயதில் உனக்குப் புரிந்திருக்காது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மண்டி முதலாளி எழுந்தார். அப்பாவுக்கு அவர்தான் படியளக்கிறவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "மொதல்ல ராசிக்காரப் புள்ள பொண்ணப் பாக்கட்டும், அப்புறம் தட்ட மாத்துங்க" என்றார். உன்னை எனக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தி, "கண்ணாடியக் கழட்டுடா, ஒரு நிமிசந்தான்" என்றார். நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா குனிந்துகொண்டார். அத்தை சமையல் பக்கம் இருந்தாள். உன் கை கண்ணாடிக் காம்புக்குப் போனது.

ஒரு நிமிஷத்தில் கண் கெட்டுவிடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் என்றைக்கும் முடியாது என்று தோன்றியது. நான் போன பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும், ஒவ்வொரு போணியிலும் யாராவது ஒருவர் ஒரு நிமிஷம் என்பார்கள், அப்பா குனிந்துகொள்வார், கண்ணாடி சட்டைப் பைக்குப் போகும். உனக்கு எட்டு வயது. நாள் மிச்சமில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் நான். தலையைத் தூக்கி, "கழட்டாத தம்பி. நீ என்ன சரியாப் பாக்கணும்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றிலை போட வெளியே போனார், திரும்பி உள்ளே வரவில்லை.  மாப்பிள்ளையின் அம்மாதான் பக்கத்திலிருந்தவளிடம், "பொண்ணு வாயே தொறக்காதுன்னுதான சொன்னாங்க" என்றார்கள். அது கோபமா கேலியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் மாமா, அதாவது என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், "அதான் தேவைக்குத் தொறந்துட்டாங்களே, தட்ட மாத்துங்கம்மா" என்றார். தட்டு மாறியது. 

அதன் பிறகு மண்டி லோடு அப்பாவுக்கு வரவில்லை. இப்போது கீரப்பாளையம் பக்கம் நெல் மூட்டை ஏற்றுகிறார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் தைலப் பாட்டிலில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், தெரியவில்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டது அவருக்கு. உன்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நீ படித்ததும், வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இன்னொரு தடவை படி என்றார். பாதிதான் வந்தது உனக்கு. அந்தப் பாதியை அவர் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதிதான் தம்பி. கடைசியாகச் சிதம்பரம் போனபோது இடது கண்ணால் எழுத்துப் பலகையில் நாலாவது வரிசை வரைக்கும் படித்தாய். இன்னும் ஒரு வரிசை வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. மீதி வருமா என்று அன்றைக்கு நானே வாய் திறந்து கேட்டேன். வரும் என்று அவர் பொய் சொல்லவில்லை. அதனால் வலது கண்ணை நீ ஆயுளுக்கும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டிப்புள் ஆடுகிற இடத்தில், வெல்டிங் அடிக்கிற இடத்தில், தீபாவளிக்கு வெடி வைக்கிற இடத்தில் கண்ணாடி இல்லாமல் நிற்காதே. கண் சிவந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடை, உன் துண்டைத் தனியாக வை. வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. சிவப்பை ஒரே நாளில் எடுக்கிறது என்று மருந்துக் கடையில் கொடுக்கிற சொட்டு மருந்தை நீயாக வாங்கி விடாதே. அதில் சில வகையை விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை போய்விடுமாம். கிளீனர் வைத்துப் போன பாட்டிலை ஒருமுறை எடுத்துப் போய்க் காட்டியபோது டாக்டரம்மா முகம் மாறியது எனக்கு மறக்கவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் கைக்குழந்தையிலேயே ஒருமுறை கண்ணைக் காட்டு, இது குடும்பத்தில் வரும் என்றார்கள். கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதே. கண் திரும்பினால், அதிர்ஷ்டம் என்று யார் சொன்னாலும், நானே கிழவியாகி மறந்துபோய்ச் சொன்னாலும், கேட்காதே.

இன்னொன்று இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் போன பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "அப்ப எனக்கு ராசி இல்லியாக்கா?" என்றாய். இல்லைடா என்றேன். கொஞ்சநேரம் தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அம்மாவ நான்தான் முழுங்கிட்டேனா?" என்றாய். அந்தப் பேச்சு உன் காதுக்குப் போகாமல் எட்டு வருஷம் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். எந்தக் காலத்தில், யாரிடம் கேட்டு, எத்தனை நாள் மனதில் வைத்திருந்தாயோ.  போய்ப் படு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

இப்போது சொல்கிறேன். அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவள் செத்தது அதனால்தான். அந்த நேரத்தில் நீ பக்கத்தில் பால் கேட்டு அழுதுகொண்டிருந்தாய், வேறு எதுவும் நீ செய்யவில்லை. நானே பார்த்தேன், அந்த அறை வாசலில்தான் நின்றேன். அப்பாவுக்கு நல்ல லோடு வந்ததும் உன் கண்ணால் இல்லை, அந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்திருந்தது. நம் வீட்டில் ஒரு கெட்டதும் உன்னால் வரவில்லை, ஒரு நல்லதும் உன் கண் திரும்பியதால் வரவில்லை. நீ நம் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். உன்னை மணையில் உட்காரவைப்பதற்கு அது போதாது என்கிற வீட்டுக்கு நீ போக வேண்டாம்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, நீயே பிளாஸ்திரியைக் கோணலாக ஒட்டிக்கொண்டாய். நான் எழுந்து வரவில்லை. அசதி ஒரு பக்கம், நீயே செய்து பழகட்டும் என்பது ஒரு பக்கம். எட்டு வருஷ அசதி இது தம்பி, ஒரு கல்யாணத்தில் தீராது. ஆனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை செய் என்று யாராவது சொன்னால் செய்வேன். அப்போது உன் இரண்டரை வயதிலேயே, நீ எவ்வளவு கத்தினாலும், யார் எது சொன்னாலும், உன் நல்ல கண்ணை மூடிவிடுவேன்.

உன் அக்கா